அத்தையோட ஸ்லைடுல இருந்த பிரவுன் புள்ளிங்க

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த மூணாவது நாள் அத்தை என்னைய பக்கத்துல உக்கார வச்சு கேட்டாங்க, "ஏன் மருமகனே, எனக்கு எதிர்ப்பு சக்தி கம்மியா இருந்ததாலதான இந்த எழவு வந்துச்சு?" அவங்க கட்டில் பக்கத்துல ஸ்டூல் மேல பாத்தா ஒரு சின்ன நாட்டு மருந்துக் கடையே இருக்கு. கருஞ்சீரகப் பொடி, நிலவேம்பு, யாரோ கொண்டுவந்து குடுத்த முள்ளு சீத்தா இலை, அப்புறம் சின்ன மாமா மூவாயிரத்து எரநூறு ரூபா குடுத்து வாங்குன ஒரு டப்பா, அதுல ஒரு கேடயம் படம் போட்டு பெருசா "இம்யூனிட்டி"ன்னு எழுதியிருக்கு. நான் அப்போதைக்கு "அதெல்லாம் இல்ல அத்தை, நீங்க கஞ்சிய குடிங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா அவங்க கேட்டது நல்ல கேள்வி. சரியான பதில் சொல்லணும்னா கொஞ்சம் நேரமாகும், அதான் இங்க எழுதுறேன்.

என் வேலைய சொல்லிடுறேன். நான் டாக்டர் இல்ல. ஹிஸ்டோபேத்தாலஜி லேப்ல டெக்னீசியன், பதினோரு வருஷமா. தியேட்டர்ல வெட்டி எடுக்குறது எல்லாம் ஃபார்மலின் டப்பாவுல எங்க டேபிளுக்குத்தான் வரும். அத மெழுகுக்குள்ள பதிச்சு ப்ளாக் ஆக்கி, மைக்ரோடோம்ல மூணு நாலு மைக்ரான் கனத்துக்கு சீவி, வெந்நீர்ல மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடுல ஏந்தி, சாயம் போட்டு பேத்தாலஜி மேடம்கிட்ட குடுக்கணும். கேன்சர்னு பேர் சொல்றது அவங்க வேலை. ஆனா பதினோரு வருஷம் பாத்தா நமக்கும் கண்ணு பழகிடும்ல.

அத்தைக்கு வயசு 58. எட்டு மாசமா ஒரே அசதி, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, ஹீமோகுளோபின் 7.4. ஒரு டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை குடுத்தார், தீர்ந்ததும் திரும்ப அதையே குடுத்தார், மூணாவது தடவையும் அதையேதான். மாதவிடாய் நின்னு ஏழு வருஷம் ஆன பொம்பளைக்கு ரத்தம் எங்க போகுதுன்னு ஒரு வார்த்தை யாரும் கேக்கல. எனக்கும்தான் தோணல, லேப்ல வேலை பாக்குற மருமகன்னு பேரு. பெருங்குடலோட வலது பக்கத்துல கட்டி வந்தா இப்படித்தான். அங்க மலம் இன்னும் தண்ணியாத்தான் இருக்கும், இடமும் அகலம், அதனால அடைப்போ வலியோ லேசுல வராது, கண்ணுக்குத் தெரியாம சொட்டு சொட்டா ரத்தம் மட்டும் போய்ட்டே இருக்கும். கடைசியில கொலனாஸ்கோப்பி பண்ணிப் பாத்தா எலுமிச்சம்பழத்தவிட கொஞ்சம் பெருசா ஒரு கட்டி.

ஆபரேஷன் பண்ணின சர்ஜன் வெளிய வந்து முகத்த தொங்கப் போட்டுட்டு சொன்னார், கட்டிய முழுசா எடுத்தாச்சு, ஆனா சுத்தி நெறி நெறியா கட்டியிருக்கு, பரவியிருக்கும்னு நினைக்கிறேன்னு. அன்னைக்கு ராத்திரி வீட்ல யாரும் சாப்பிடல.

அந்த ஸ்பெசிமன் எங்க லேபுக்கு வந்தப்ப நான் தொட்டிருக்கக் கூடாது, வேற ஆள்கிட்ட குடுத்திருக்கணும். குடுக்கல. குடலோட ஒட்டியிருக்குற கொழுப்ப விரலால தடவித் தடவி ஒவ்வொரு நெறியா எடுக்கணும், குறைஞ்சது பன்னெண்டு கிடைக்கணும்னு கணக்கு. சில பேருக்கு பன்னெண்டு தேத்துறதுக்குள்ள உயிர் போயிடும், உளுந்து சைஸ்ல இருக்கும். அத்தைக்கு சிரமமே படல, சுண்டல் பட்டாணி மாதிரி கைக்கு கைக்கு மாட்டுது. இருபத்தாறு கிடைச்சுது. ஒவ்வொண்ணா எடுத்து வைக்கும்போது எனக்கு வயித்துக்குள்ள ஏதோ பிசையுது. ரெண்டு நாள் கழிச்சு ஸ்லைடு பாத்துட்டு மேடம் சொன்னாங்க, இருபத்தாறுல ஒண்ணுல கூட கேன்சர் இல்ல. அப்புறம் ஏன் அவ்வளவு வீக்கம்? சின்ன வயசுல கால்ல முள்ளு குத்தி சீழ் வெச்சா தொடை இடுக்குல நெறி கட்டும்ல, அதேதான். முள்ளு அங்க போகல, முள்ளு விஷயத்த கேள்விப்பட்ட ஆளுங்க அங்க கூடி பெருகிட்டு இருக்காங்க. அத்தையோட நெறி எல்லாம் வீங்கினது கேன்சர் போய் உக்காந்ததால இல்ல, கேன்சர அடையாளம் கண்டுபிடிச்ச டி செல், பி செல்ங்குற எதிர்ப்பு செல்லுங்க அங்க பல்கிப் பெருகுனதால. எதிர்ப்பு சக்தி கம்மின்னா இந்த வீக்கமே வந்திருக்காது.

அப்புறம் கட்டியோட ஸ்லைடு. மேடம்கிட்ட ரெண்டு பேர் ஒரே நேரத்துல பாக்குற மைக்ராஸ்கோப் இருக்கு, "வாங்க, இந்தக் கூட்டத்த பாருங்க"ன்னு கூப்பிட்டாங்க. கட்டியோட ஓரத்துல சின்னச் சின்ன நீலக் குமிழா லிம்போசைட் கும்பல் (அந்த டி செல், பி செல்லுங்கதான்), ஊர் எல்லையில கூடாரம் போட்ட மாதிரி வரிசையா. அது போக கட்டிக்குள்ளயே, கேன்சர் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுலயே புகுந்து உக்காந்திருக்குதுங்க. ரிப்போர்ட்ல இதுக்கு ஒரு வரி இருக்கும், "ட்யூமர் இன்ஃபில்ட்ரேட்டிங் லிம்போசைட்ஸ்"னு. வீட்டாளுங்க யாரும் அந்த வரிய படிக்க மாட்டாங்க, ஸ்டேஜ் என்னன்னுதான் தேடுவாங்க.

இந்தக் கூட்டத்த பாத்ததும் மேடம் நாலு சாயம் கேட்டாங்க. எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. இந்த நாலும் புரோட்டீனுங்க. செல் ரெண்டாகும்போது டிஎன்ஏவ காப்பி எடுக்கும்ல, அதுல வர எழுத்துப்பிழைய பாத்து திருத்துற ப்ரூஃப் ரீடருங்க. சாயம் போட்டா புரோட்டீன் இருக்குற செல்லோட நியூக்ளியஸ் பிரவுனா மாறும், இல்லாதது நீலமாவே நிக்கும். அத்தையோட எம்எஸ்எச்2 ஸ்லைட வச்சா கட்டி முழுக்க நீலம். எம்எஸ்எச்6ம் அதே நீலம், ஏன்னா அது ரெண்டும் ஜோடி, எம்எஸ்எச்2 இல்லாம எம்எஸ்எச்6 நிலைக்காது. இப்ப ஒரு சந்தேகம் வரும், சாயம்தான் ஒழுங்கா பிடிக்கலையோன்னு. அதுக்கும் ஸ்லைடுக்குள்ளயே சாட்சி இருக்கு. நீலக் கட்டிக்கு நடுவுல பளிச் பளிச்சுன்னு பிரவுன் புள்ளிங்க. அதெல்லாம் அத்தையோட சொந்த லிம்போசைட்டுங்க. சாயம் சரியா வேலை செஞ்சிருக்குன்னு நாங்க முடிவு பண்றதே அதுங்கள வச்சுத்தான். பதினோரு வருஷமா அதுங்கள வெறும் கன்ட்ரோலா மட்டும்தான் பாத்திருக்கேன், அன்னைக்குத்தான் வேற மாதிரி பாத்தேன்.

ப்ரூஃப் ரீடர் லீவு போட்டா என்ன ஆகும்? நீங்க போன்ல "ஹாஹாஹாஹாஹா"ன்னு டைப் பண்றீங்க, எத்தனை ஹா போட்டீங்கன்னு எண்ணுவீங்களா? டிஎன்ஏலயும் அப்படி ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வர இடங்க உண்டு, மைக்ரோசாட்டிலைட்னு பேரு. டிஜிஎஃப்பிஆர்2ங்குற ஜீன்ல ஒரு இடத்துல "ஏ" தொடர்ந்து பத்து வரும். காப்பி எடுக்கும்போது ஒண்ணு கூடும், இல்ல குறையும். ஒரு எழுத்துதானன்னு விட முடியாது, ஏன்னா செல் மூணு மூணு எழுத்தாத்தான் படிக்கும். "படம் மரம் வரம்"ங்குறதுல முதல் "ட"வ எடுத்துட்டு மூணு மூணா படிச்சுப் பாருங்க, "பம்ம ரம்வ ரம்". அந்த இடத்துல இருந்து கடைசி வரைக்கும் உளறல். அத்தைக்கு வந்த மாதிரி கட்டிங்கள்ல இப்படி உளறல் நூத்துக்கணக்குல சேரும். 2015ல வந்த ஒரு ஆராய்ச்சியில எண்ணிப் பாத்தாங்க, இப்படி ப்ரூஃப் ரீடர் இல்லாத, அதாவது ரிப்பேர் கெட்ட கட்டிகள்ல சராசரியா 1,782 மாற்றம், ரிப்பேர் ஒழுங்கா இருக்குற கட்டிகள்ல 73.

இங்கதான் கேன்சர் தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்குது. நம்ம உடம்புல கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் உள்ள என்ன புரோட்டீன் தயாராகுதோ அத துண்டு துண்டா வெட்டி வெளிப்பக்கம் ஏந்திக் காட்டணும், ஹோட்டல்ல இன்ஸ்பெக்டருக்கு சாம்பிள் எடுத்து வைக்கிற மாதிரி. சுத்திட்டு வர டி செல் அத தடவிப் பாக்கும். நம்ம சொந்த புரோட்டீன பாத்தா பேசாம போயிடணும்னு அதுக்கு சின்ன வயசுலயே தைமஸ்ங்குற சுரப்பியில பாடம் எடுத்தாச்சு. ஆனா "பம்ம ரம்வ"ங்குறத அது வாழ்க்கையில பாத்ததே இல்ல. உடனே புடிச்சுக்கும். சிடி8ங்குற கொல்ற வகை டி செல் ஒட்டி நின்னு பெர்ஃபோரின்னு ஒண்ண வச்சு ஓட்டை போட்டு, அது வழியா கிரான்சைம்ங்குற புரோட்டீன இறக்கி செல்ல கொல்லும்.

சரி, இவ்வளவு ஆளு வந்தும் கட்டி எப்படி எலுமிச்சம்பழத்த தாண்டி வளந்துச்சு? எனக்கும் இதுதான் ரொம்ப நாள் புரியல. குடலோட நெலமைய யோசிச்சா கொஞ்சம் புரியும். நோய் எதிர்ப்பு செல்லுங்க நிறைய குடியிருக்குற இடம் குடல், ஆனா அங்க அதுங்களோட முக்கால்வாசி பொழப்பு சண்டை போடுறது இல்ல, பொறுத்துப் போறது. லட்சம் கோடிக் கணக்குல பாக்டீரியா, தினமும் மூணு வேளை வெளிச் சாப்பாடு, எல்லாத்தையும் எதிரின்னு அடிக்கக் கிளம்புனா குடல் புண்ணாகி நாறிடும். அதனால "விடு, விடு"ன்னு சமாதானம் பேசவே ரெகுலேட்டரி டி செல்னு ஒரு தனி கோஷ்டி இருக்கு. டி செல் மேலயே பிடி-1னு ஒரு பிரேக்கும் இருக்கு, 1992ல ஜப்பான்ல டசுகு ஹோன்ஜோ குழு கண்டுபிடிச்சது, 2018ல ஜேம்ஸ் அலிசனோட சேத்து அவருக்கு நோபல் குடுத்தாங்க. எதிர்ல இருக்குற செல் பிடி-எல்1ங்குற கைய நீட்டி அந்த பிரேக்க அமுக்குனா டி செல் அப்படியே நின்னுடும். கட்டி செய்யுறது இந்த வீட்டோட பழைய ஏற்பாட்ட தனக்கு சாதகமா வளைச்சுக்குறதுதான். அத்தையோட ஸ்லைடுல பாத்த பிரவுன் புள்ளிங்கள்ல எத்தனை வேலை செஞ்சுட்டு இருந்துச்சு, எத்தனை பிரேக் மாட்டி சும்மா நின்னுச்சுன்னு அந்த சாயத்துல தெரியாது.

ஆனா சும்மா நின்னாக்கூட அந்தக் கூட்டத்துக்கு மதிப்பு இருக்கு. 1932ல லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில கத்பர்ட் டியூக்ஸ்னு ஒரு பேத்தாலஜிஸ்ட் மலக்குடல் கேன்சர ஏ, பி, சின்னு பிரிச்சார், சுவருக்குள்ள இருக்கா, சுவர தாண்டிடுச்சா, நெறிக்குப் போயிடுச்சான்னு. இன்னைக்கு வரைக்கும் நம்ம ஸ்டேஜ் கணக்கு அந்த வழிதான், எதிரி எவ்வளவு தூரம் வந்திருக்கான்னு மட்டும் அளக்குறது. எதிர்ல யார் நிக்குறாங்கங்குறது அந்தக் கணக்குல இல்ல. 2006ல பாரிஸ்ல ஜெரோம் காலோன் குழு அத எண்ணினாங்க, கட்டிக்கு நடுவுல எத்தனை டி செல், ஓரத்துல எத்தனைன்னு. எண்ணிப் பாத்தா அந்த எண்ணிக்கை ஸ்டேஜவிட நல்லா ஜோசியம் சொல்லுது. அப்ப நிறைய பேர் நம்பல. 2018ல பல நாட்டு ஆஸ்பத்திரிங்க சேந்து 2,681 பேரோட கட்டிகள்ல எண்ணி அதையே உறுதிப்படுத்தினாங்க, டி செல் கூட்டம் ஜாஸ்தி இருக்குறவங்களுக்கு கேன்சர் திரும்பி வரது கம்மி.

எங்க குடும்பத்துல பெரிய சண்டையே இதுலதான் வந்துச்சு. அத்தைக்கு ரெண்டாவது ஸ்டேஜ், நெறி சுத்தம், ரிப்பேர் கெட்ட வகை. ஆன்காலஜிஸ்ட் "கீமோ வேண்டாம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை சிஇஏங்குற ரத்த டெஸ்ட் பாருங்க, ஸ்கேன் நான் சொல்றப்ப எடுங்க"ன்னு அனுப்பிட்டார். சின்ன மாமாவுக்கு கோவம், "காசு இல்லாதவங்கன்னு நெனச்சு கைகழுவுறாங்க". அவர் கேக்குறதுலயும் ஒரு நியாயம் இருக்கு, கேன்சர்னா கீமோ குடுப்பாங்க, முடி கொட்டும்னுதான ஊர்ல தெரியும். ஆனா இந்த வகை ரெண்டாவது ஸ்டேஜ்ல ஆபரேஷனுக்கு அப்புறம் நல்லா இருக்குறவங்கதான் பெரும்பாலும், வழக்கமான 5-எஃப்யூ கீமோவ மட்டும் குடுத்தா இவங்களுக்கு பிரயோஜனம் இல்லைன்னு பாத்திருக்காங்க. கீமோ குடுக்காததும் ஒரு வைத்தியம்தான்னு மாமாவுக்கு புரியவைக்க எனக்கு மூணு டீ ஆச்சு.

ஒருவேளை அத்தைக்கு பரவியிருந்தா? அதையும் படிச்சு வச்சேன், ராத்திரி தூக்கம் வராத நாள்ல. பிடி-1 பிரேக்க கழட்டுற மருந்த முதல்ல பல வகை கேன்சருக்கு குடுத்துப் பாத்தப்ப பெருங்குடல் கேன்சர் கிட்டத்தட்ட அசையவே இல்ல, 33 பேருக்கு குடுத்து ஒரே ஒருத்தருக்கு கேட்டுச்சு. மத்தவங்களா இருந்தா மருந்து வேலைக்காவாதுன்னு ஃபைல மூடியிருப்பாங்க. பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல அந்த ஒருத்தருக்கு மட்டும் ஏன்னு நோண்டினாங்க. அவர் கட்டி ரிப்பேர் கெட்ட வகை. உடனே அந்த வகைய தனியா பிரிச்சு பெம்ப்ரோலிசுமாப்ங்குற பிடி-1 மருந்து குடுத்துப் பாத்தாங்க, 10 பேர்ல 4 பேருக்கு கட்டி சுருங்குச்சு, ரிப்பேர் ஒழுங்கா இருக்குற 18 பேர்ல பூஜ்யம். நான் மேல சொன்ன 1,782ம் 73ம் அந்த 2015 ஆராய்ச்சிதான். 2022ல நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்ல ஆண்ட்ரியா செர்செக் குழு மலக்குடல் கேன்சர்ல இதே வகைக்கு டோஸ்டார்லிமாப்ங்குற இன்னொரு பிடி-1 மருந்த ஆறு மாசம் குடுத்தாங்க. முடிச்ச 12 பேருக்கும் கட்டி காணாம போச்சு. ஆபரேஷன் இல்ல, ரேடியேஷன் இல்ல, வயித்துல பை மாட்டிக்க வேண்டியது இல்ல. நம்ம ஊர் வாட்ஸ்அப்ல அது "கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு"ன்னு சுத்துச்சு, எந்த வகைக்குங்குற வரிய மட்டும் வெட்டிட்டாங்க. நெதர்லாந்துல இதே வகை பெருங்குடல் கட்டிக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு டோஸ் நிவோலுமாப், அதோட ஒரு டோஸ் இபிலிமுமாப் (ரெண்டும் பிரேக்க கழட்டுற மருந்துதான்) குடுத்து, சில வாரம் கழிச்சு வெட்டிப் பாத்தா 111 பேர்ல 68 சதவீதம் பேருக்கு உள்ள உயிரோட கேன்சர் செல்லே இல்ல. பிரேக்க கழட்டுனா சில பேருக்கு தைராய்டு, தோல், நுரையீரல், குடல்னு சொந்த வீட்டையே அடிச்சு நொறுக்கும்ங்குறதும் உண்மை. விலை லட்சத்துல, அதையும் சொல்லித்தான ஆகணும்.

வெட்டி விட்ட அந்த வரிதான் எனக்கு வருத்தம். பெருங்குடல் கேன்சர்ல ரிப்பேர் கெட்ட வகை கிட்டத்தட்ட 15 சதவீதம்தான். பரவின நிலையில பாத்தா அது இன்னும் கம்மி, நாலு அஞ்சு சதவீதம், ஏன்னா இந்த வகைய உடம்பு ஆரம்பத்துலயே அமுக்கி வச்சுடுது போல. மீதிப் பேரோட ஸ்லைடுதான் தினமும் என் டேபிள்ல வரும். அத்தையோட ஸ்லைடுக்கு அடுத்த ட்ரேல இருந்தது முப்பத்தாறு வயசு ஆளோடது, நாலு சாயமும் பிரவுன், கட்டிக்குள்ள லிம்போசைட் ஈ காக்கா இல்ல. கொஞ்சம் பேர் வெளி ஓரத்துல நின்னுட்டு இருக்காங்க, உள்ள வர முடியல. கட்டிய சுத்தி இருக்குற நார்த்திசு டிஜிஎஃப்-பீட்டாங்குற சிக்னல பாய்ச்சிட்டே இருந்தா டி செல் உள்ள நுழையாதுன்னு எலியில காட்டியிருக்காங்க. வாயில பல் ஈறுல இருக்குற ஃபியூசோபாக்டீரியம்னு ஒரு கிருமி சில கட்டிகள்ல வந்து குடியேறி, ஃபேப்2ங்குற தன் புரோட்டீனால டி செல்லோட, என்கே செல்னு வேற ஒரு எதிர்ப்பு செல்லோட இன்னொரு பிரேக்க அமுக்குதுன்னு 2015ல கண்டுபிடிச்சாங்க. பிரேக்க கழட்டுற மருந்து இவங்களுக்கு ஏன் கேக்கலைன்னா, வண்டியே அங்க இல்லாதப்ப எந்த பிரேக்க கழட்டுறது.

அத்தை வகை கட்டியும் சும்மா விடாது, அது ஒரு கில்லாடி. சில கட்டிங்க சாம்பிள் ஏந்திக் காட்டுற தட்டையே தூக்கிப் போட்டுடும், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின்ங்குற புரோட்டீன இழந்துடும். அப்ப சிடி8 டி செல்லுக்கு தடவிப் பாக்க ஒண்ணும் இல்ல, கண்ண கட்டி விட்ட மாதிரிதான். கணக்குப்படி மருந்து கேக்கக் கூடாது. ஆனா கேட்டுச்சு. அந்தப் புதிர 2023ல நெதர்லாந்துக்காரங்க அவுத்தாங்க, அங்க அடிச்சது வழக்கமான டி செல் இல்ல, காமா-டெல்டா டி செல்னு ஒரு சிறுபான்மை கோஷ்டி, அதுங்களுக்கு தட்டும் வேண்டாம் சாம்பிளும் வேண்டாம். இத படிச்சப்ப நான் மைக்ரோடோம நிறுத்திட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

போன ஞாயித்துக்கிழமை அத்தைகிட்ட போன்ல அந்த ஸ்லைடு போட்டோவ பெருசு பண்ணிக் காட்டினேன். "இந்த நீலம் கட்டி, நடுவுல இருக்குற பிரவுன் எல்லாம் உங்க ஆளுங்க, அத்தை. கம்மி இல்ல, கூட்டம் நிறையத்தான் இருந்துச்சு." கண்ணாடிய போட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. "இத்தனை பேர் இருந்துமாடா விட்டீங்க"ன்னாங்க, யார கேட்டாங்கன்னு தெரியல. சின்ன மாமா டப்பா பத்தி கேட்டதுக்கு, கூட்டம் பத்தலைன்னா பொடி போடலாம், இங்க பிரச்சனை அது இல்லைன்னு சொன்னேன். அவர் ஒத்துக்கல, டப்பாவுல பாதி மிச்சம் இருக்கு.

எம்எஸ்எச்2 காணோம்னா அடுத்த வேலை ரத்தத்துல ஜீன் டெஸ்ட். பரம்பரையா வரதுக்கு லிஞ்ச் சிண்ட்ரோம்னு பேரு. 1895ல அமெரிக்காவுல மிச்சிகன்ல ஒரு தையல்கார அம்மா ஆல்ட்ரட் வார்தின்ங்குற டாக்டர்கிட்ட, எங்க வீட்ல எல்லாரும் குடல்லயோ கர்ப்பப்பையிலயோ கேன்சர் வந்துதான் சாவாங்க, நானும் அப்படித்தான் போவேன்னு சொல்லியிருக்காங்க, அப்படியேதான் போனாங்க. அந்தக் குடும்பத்துலயும் நூறு வருஷம் கழிச்சு பாத்தப்ப கெட்டிருந்தது எம்எஸ்எச்2தான். எங்க தாத்தா 46 வயசுல "வயித்துக் கட்டி"ல போனார்னுதான் எங்களுக்கு சொல்லியிருக்காங்க, அதுக்கு மேல யாருக்கும் தெரியாது, ஏதோ செய்வினைன்னு கூட ஒரு கதை உண்டு.

அத்தைக்கு டெஸ்ட் பாசிட்டிவ். அத்தை பசங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு பாதி சான்ஸ். பெரியவன் டெஸ்ட் குடுத்துட்டான், அவனுக்கு இல்ல. சின்னவன் கடையில தீபாவளி வியாபாரம் முடியட்டும்னு சொல்லிட்டிருக்கான். அத்தையோட கூடப்பிறந்தவர் எங்க அப்பா, அவருக்கும் அதே பாதி சான்ஸ், 63 வயசு. "எனக்கு என்னடா, கல்லு மாதிரி இருக்கேன்"னு சொல்லிட்டு டிவி சத்தத்த கூட்டிட்டார். அவருக்கு இல்லைன்னா எனக்கும் இல்ல, அவர் குடுக்கலைன்னா நான் நேரா குடுத்துக்கலாம். இருந்தா வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணோ கொலனாஸ்கோப்பி, கட்டி ஆகுறதுக்கு முன்னாடியே எடுத்துடலாம், ஆஸ்பிரின் கூட உதவும்னு நிரூபிச்சிருக்காங்க, எல்லாம் தெரியும். ரத்தம் எடுக்குற கவுண்டர் என் டேபிள்ல இருந்து இருபது அடி. அங்க இருக்குற பொண்ணு தினமும் டீ நேரத்துல கேக்குது, "அண்ணே, இன்னைக்கு எடுத்துடலாமா?" நாளைக்கு பாக்கலாம்மான்னு சொல்லி மூணு வாரம் ஆச்சு.